மயிலாப்பூரில் பின்லாந்துப் பேய்கள்: ஒரு சொற்பிறப்பு வகுப்பு

மயிலாப்பூர் மாட வீதி ஒன்றில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், நான்கு சனிக்கிழமை மாலைகள் நடந்த வகுப்புக்கு 1,200 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். பின்லாந்தின் மொழியான பின்னியத்திலும் எஸ்தோனியத்திலும் பேய், பூதம், காவல் தெய்வம் ஆகியவற்றின் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதே பாடம்.

வீட்டைக் காக்கும் குட்டிப் பூதத்துக்குப் பின்னிய மொழியில் ‘தொந்த்து’ என்று பெயர். வீட்டுமனையைக் குறிக்கும் பழைய சுவீடியச் சொல்தான் இதற்கு மூலம், மனையைப் பின்லாந்தில் இன்றும் ‘தொந்த்தி’ என்றே சொல்கிறார்கள் என்று ஆசிரியர் விளக்கியதும், முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தம் வயிற்றைத் தடவிக்கொண்டார். காவல் தெய்வமான ‘ஹல்தியா’, ‘வைத்திருத்தல்’ என்னும் பொருளுள்ள ஜெர்மானிய வேரிலிருந்து வந்ததாம். சோழர் கல்வெட்டுகள் கோயில் இறைவனை ‘உடையார்’ என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

மூன்றாம் வகுப்பு ஒன்றுக்கே கட்டணம் தகும். எஸ்தோனியத்தில் ‘ஹீஸ்’ என்றால் வழிபாட்டுக்குரிய தோப்பு. அதே சொல்லான ‘ஹீசி’, கிறித்தவம் பரவிய பின், பின்னிய மொழியில் தீய ஆவியின் பெயராக இறங்கிவிட்டது. தவம் செய்த முனிவரைக் குறித்த சொல்லை வைத்துக்கொண்டே, புளியமரத்தில் ‘முனி’ இருக்கிறது என்று பிள்ளைகளைப் பயமுறுத்தும் நமக்கு இது புரியாமல் போகாது. உறக்கத்தில் நெஞ்சின்மேல் ஏறி அழுத்தும் ‘பைனயைனென்’, ‘அழுத்து’ என்னும் வினையிலிருந்து பிறந்து, இன்று கொடுங்கனவைக் குறிக்கிறது. நம் அமுக்குவான் பேயும் அதே வேலையைச் செய்து அதே வகையில் பெயர் வாங்கியதுதான். இவ்வொப்புமையைக் கேட்டதும் இரு மொழிகளுக்கும் உறவு கற்பிக்க ஒருவர் முனைந்தபோது, பொருள் ஒத்துப்போவது மட்டுமே இன உறவுக்குச் சான்றாகாது என்று ஆசிரியர் பொறுமையாக மறுத்தது அவர்மீது எனக்கிருந்த மதிப்பைக் கூட்டியது.

குறை அச்சுத்தாளில்தான். சுவீடியத்திலிருந்து வந்த நீர்ப்பேயான ‘நேக்கி’யின் பெயரில், மேலே இரு புள்ளி வைத்த உயிரெழுத்து வெறுங்கட்டமாகவே அச்சாகியிருந்தது. கேட்டதற்கு, புள்ளியில்லாமல் படித்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பின்னிய மொழியிலோ, ‘பார்த்தேன்’ என்பதற்கும் ‘மணம் செய்துகொள்கிறேன்’ என்பதற்கும் எழுத்தில் அந்த இரு புள்ளிகள் மட்டுமே வேறுபாடு.