ஊருக்குப் போகும் மாதங்களில் கார் எங்கே நிற்க வேண்டும்? பிரிட்டனின் சோர்ன் விதியும் மற்ற வழிகளும்

டிசம்பர் நெருங்கினால் கிழக்கு லண்டனில் எங்கள் தெருவில் பாதிப் பேர் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். மூன்று மாதம், நான்கு மாதம் ஊரில் இருந்துவிட்டுக் குளிர் குறைந்த பிறகு திரும்பும் குடும்பங்கள் இங்கே நிறைய. விமான டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக அவர்கள் என்னிடம் கேட்பது காரைப் பற்றித்தான். "ஓடாத வண்டிக்கு எதற்கு வரி? நிறுத்திவிட்டுப் போனால் என்ன?"

தமிழ்நாட்டில் கார் வாங்கும்போதே வாழ்நாள் வரியைக் கட்டிவிடுகிறோம். பிறகு வண்டி ஓடினாலும் வாசலில் தூங்கினாலும் வரியைப் பற்றி யோசிப்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு வந்தவர்களுக்கு இங்குள்ள முறை புரியச் சற்று நாளாகும். பிரிட்டனில் ஒரு காருக்கு நடப்பு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், இது சாலைக்கு வராது என்று வாகனப் பதிவையும் வரியையும் கவனிக்கும், ஸ்வான்சீயில் உள்ள டிவிஎல்ஏ அலுவலகத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். அந்த அறிவிப்புக்குத்தான் சோர்ன் என்று பெயர். 1998 ஜனவரி 31 முதல் நடப்பில் இருக்கிறது. வரியும் இல்லை, அறிவிப்பும் இல்லை என்றால், கார் உங்கள் கராஜுக்குள் பூட்டிக் கிடந்தாலும் 80 பவுண்டு அபராதக் கடிதம் வரும். 33 நாட்களுக்குள் கட்டினால் அது 40 பவுண்டு.

வெளியூர் போகிறவருக்கு நான்கு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். சோர்ன் அறிவித்துச் சொந்த வீட்டு வாசலில் நிறுத்தலாம். சோர்ன் அறிவித்து வேறொருவர் இடத்தில் நிறுத்தலாம். விற்றுவிடலாம். இந்த நான்கில் எது நல்லது என்பதை எல்லோரும் வரியை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். வரியைவிடக் கார் நிற்கும் இடமும் காப்பீடும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது பல ஆண்டுகளாக இதைப் பார்த்துவரும் என் எண்ணம்.

வரியில் எவ்வளவு மிஞ்சும்?

2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான கார்களுக்கு, 2025 ஏப்ரல் விகிதப்படி ஆண்டு வரி 195 பவுண்டு. மின்சாரக் கார்களும் அந்த மாதம் முதல் இதில் சேர்ந்துவிட்டன. மாதத்துக்கு 16 பவுண்டு 25 பென்ஸ் ஆகிறது. நான்கு மாதம் நிறுத்தினால் 65 பவுண்டு மிஞ்ச வேண்டும். ஆனால் பலருக்கு அதில் பாதிதான் கைக்கு வருகிறது. வரியைத் திருப்பித் தரும்போது முழு மாதங்களை மட்டுமே எண்ணுகிறார்கள் என்பதே காரணம்.

டிசம்பர் 2 அன்று விமானம், மார்ச் 28 அன்று திரும்பி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையம் போகும் அன்று காலையில் சோர்ன் அறிவித்தால் டிசம்பர் மாத வரி போய்விட்டது. வந்த அன்றே மீண்டும் வரி கட்டினால் அது மார்ச் 1 முதல் கணக்காகும். மிஞ்சியது ஜனவரியும் பிப்ரவரியும், அதாவது 32 பவுண்டு 50 பென்ஸ். அதே ஆள் நவம்பர் 30 அன்றே காரை உள்ளே நிறுத்தி அறிவித்துவிட்டு, திரும்பிய பிறகு மூன்று நாள் பஸ்ஸில் போய், ஏப்ரல் 1 அன்று வரி கட்டியிருந்தால் நான்கு மாதப் பணமும் மிஞ்சியிருக்கும். தேதியைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை.

பழைய கார்களில் கணக்கே வேறு. 2001 முதல் 2017 வரை பதிவானவற்றுக்குப் புகை அளவைப் பொறுத்து வரி. அதே 2025 விகிதத்தில் சிறிய டீசல் காருக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு இருக்கலாம். பெரிய எஞ்சின் கொண்ட வண்டிக்கு 735 அல்லது 760 பவுண்டு. முதல் காரை வரிக்காகச் சோர்ன் செய்வது வீண் வேலை. இரண்டாவது வகையில் நான்கு மாதத்துக்குக் குறைந்தது 245 பவுண்டு திரும்புகிறது, அதை விடக் கூடாது.

மாதத் தவணையில் கட்டுகிறவர்களுக்குச் சோர்ன் அறிவித்ததும் வங்கிப் பிடித்தம் தானாக நின்றுவிடும். மொத்தமாகக் கட்டியவர்களுக்குக் காசோலை வரும். அது லாக் புக்கில், அதாவது காரின் பதிவுச் சான்றில், உள்ள பெயருக்கும் முகவரிக்கும்தான் வரும் என்பதால், வீடு மாறியும் லாக் புக்கில் முகவரியை மாற்றாதவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அப்படியே விட்டுவிட்டுப் போவது

வரி, காப்பீடு இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, கார் வழக்கம்போலத் தெருவில் நிற்கும். செலவு கூடுதல்தான். ஆனாலும் இரண்டு மூன்று மாதப் பயணத்துக்கு, அதிலும் சொந்த வாசல் இல்லாதவர்களுக்கு, நான் இதையே சொல்வேன். தெருவில் குழாய் வேலை என்று பார்க்கிங் இடத்தை மூடும்போது, வரி கட்டிய காரையும் இழுத்துக்கொண்டு போவார்கள். அப்போது சாவி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வந்து காரை நகர்த்த முடியும். சோர்ன் காரை அவர் பத்தடி தூரம்கூடச் சாலையில் ஓட்ட முடியாது. அந்த நண்பருக்கு உங்கள் காரை ஓட்டக் காப்பீடு இருக்கிறதா என்பதைப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். அவரிடம் சொந்தக் கார் இருக்கிறது என்பதாலேயே உங்கள் காருக்கும் அது பொருந்திவிடாது.

சோர்ன், சொந்த வாசலில்

வீட்டுக்கு முன்னால் உங்கள் நிலத்திலேயே கார் நிற்க இடமிருந்தால் சோர்னைப்போல எளிதானது இல்லை. கட்டணம் கிடையாது. லாக் புக்கில் உள்ள 11 இலக்க எண்ணைக் கொடுத்தால் இணையத்திலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அறிவிப்பு அப்போதே நடைமுறைக்கு வரும். வரி முடியப்போகிறது என்று வரும் நினைவூட்டல் கடிதத்தில் உள்ள 16 இலக்க எண்ணைக் கொடுத்தால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அமலாகும். எந்த எண்ணைக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 11 இலக்க எண்ணைக் கொடுத்து உறுதிசெய்த நொடியிலிருந்து கார் தெருவில் இருக்கக் கூடாது. முதலில் காரை உள்ளே நிறுத்துங்கள், பிறகு அறிவியுங்கள்.

முன்பெல்லாம் இதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2013 டிசம்பரில் அந்த முறை போய்விட்டது. இப்போது ஒருமுறை அறிவித்தால், மீண்டும் வரி கட்டும்வரை அல்லது காரை விற்கும்வரை செல்லும். பழைய ஆட்கள் சிலர் இன்னும் "வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லணும்" என்று பயமுறுத்துவார்கள், பயப்பட வேண்டாம்.

வாசல் என்றால் முழுக் காரும் உள்ளே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளின் முன்னிடம் குறுகலானது. சற்று நீளமான காரை நிறுத்தினால் பின் சக்கரம் நடைபாதையில் நிற்கும். அந்த ஒன்றரை அடி, சோர்ன் காருக்கு வம்பு. நடைபாதையும் பொதுச் சாலையின் பகுதிதான். ஒரு நாடாவை எடுத்து அளந்துவிடுங்கள்.

அடுத்தது காப்பீடு. 2011 முதல், சோர்னில் இல்லாத ஒவ்வொரு காருக்கும் காப்பீடு தொடர்ந்து இருந்தாக வேண்டும். இல்லையென்றால் 100 பவுண்டு அபராதம். சோர்ன் அறிவித்துவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. உடனே காப்பீட்டையும் ரத்து செய்துவிட நம் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். சட்டம் கேட்கவில்லை என்பதற்காகத் திருடனும் வராமல் இருக்க மாட்டான். காப்பீடு இல்லாத கார் வாசலிலிருந்து காணாமல் போனால் ஒரு காசும் வராது. தவணையில் வாங்கிய காராக இருந்தால், முழுக் காப்பீடு வைத்திருப்பதாகப் பொதுவாக அந்த ஒப்பந்தத்திலேயே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஓடாத காருக்கென்று தீ, திருட்டுக்கு மட்டும் தரும் மலிவான காப்பீடுகள் உண்டு. உங்கள் நிறுவனத்திடம் அதைக் கேளுங்கள். ரத்துக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வரியில் மிஞ்சும் 65 பவுண்டு அந்தக் கட்டணத்திலேயே கரைந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

காரின் உடல்நலத்தையும் பார்க்க வேண்டும். நான்கு மாதம் அசையாத காரில் பேட்டரி இறங்கிவிடும். ஈரக் குளிரில் பிரேக் தகடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். முதல் ஆண்டு நான் திரும்பி வந்து காரை நகர்த்தியபோது, பின் சக்கரத்திலிருந்து கட்டை முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே விட்டுவிட்டுப் போயிருந்தேன். இப்போதெல்லாம் சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டே போகிறேன். பேட்டரிக்கு, சுவர் மின்சாரத்தில் மெதுவாக ஏற்றும் சார்ஜர் ஒன்று வாங்கினேன்.

சோர்ன், அடுத்தவர் இடத்தில்

சிக்கல் எல்லாம் இங்கேதான். அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் என் அத்தை மகன் சோர்ன் அறிவித்துவிட்டு, தெருவில் குடியிருப்போர் அனுமதி பெற்ற இடத்தில் காரை விட்டுப் போனான். "கவுன்சிலுக்குப் பணம் கட்டி வாங்கிய இடம், என் இடம்தானே" என்பது அவன் நியாயம். அனுமதி அவனுடையது, சாலை பொதுவானது. சக்கரத்தில் பூட்டு விழுந்து, பிறகு கார் கிடங்குக்கும் போய்விட்டது. ஊரில் தங்கை கல்யாண வேலைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வெளியே எடுக்கும் கட்டணத்தையும் நாள் வாடகையையும் கூட்டிக்கொண்டிருந்தான். சோர்ன் காரைச் சாலையில் பயன்படுத்தியதாக வழக்கு நீதிமன்றம் போனால் அபராதம் 2,500 பவுண்டு வரை ஏறலாம். அவனுக்கு அதுவரை போகவில்லை.

வரிச் சட்டத்தில் பொதுச் சாலை என்பது அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் சாலை. காப்பீட்டுச் சட்டத்தின் கை இன்னும் நீளம்: பொதுமக்கள் வந்துபோகும் எந்த இடமும் அதில் அடங்கும். அதனால் கடை வாகன நிறுத்தமோ, கோவில் பின்புறத் திடலோ தனியார் நிலம்தானே என்று நினைத்துக் காப்பீடில்லாத சோர்ன் காரை அங்கே விடுவது ஆபத்து. நண்பரின் வீட்டு வாசலும் பூட்டிய கராஜும் சரி. நண்பரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் கார் நிற்கும் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். வாடகைக்கு இடம் எடுப்பதாக இருந்தால், 16 பவுண்டு வரியை மிச்சப்படுத்த மாதம் எவ்வளவு வாடகை தருகிறீர்கள் என்று பாருங்கள். லண்டனில் நான் விசாரித்த எந்த இடமும் அந்தத் தொகைக்குக் கிடைக்கவில்லை. வரி அதிகமுள்ள பழைய பெரிய வண்டிக்கு மட்டுமே இந்த வழி கட்டுபடியாகும்.

இன்னொன்று. 2014 அக்டோபரிலிருந்து வரி கட்டியதைக் காட்டக் கண்ணாடியில் ஒட்டும் வட்டத் தாள் கிடையாது. அதனால் யாருக்கும் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். வண்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் வரி உண்டா, சோர்னா என்று யாரும் பார்க்கலாம்.

விற்றுவிடுவது

ஒரு வருடத்துக்கு மேல் போகிறவர்கள் விற்பதே மேல். நிற்கும் காரும் விலை இறங்கிக்கொண்டேதான் இருக்கும். விற்றதை டிவிஎல்ஏ-வுக்கு உடனே தெரிவித்தால் மீதி முழு மாதங்களின் வரி உங்களுக்குத் திரும்பும். தெரிவிக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. வரியும் சோர்னும் காரோடு கைமாறாது என்பதை வாங்குகிறவருக்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் வாசலிலிருந்து அவர் ஓட்டிக்கொண்டு போகும் முன்பே அவர் பெயரில் வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நீண்ட காலம் காப்பீடு இல்லாமல் இருந்தால், விபத்தில்லா ஆண்டுகளுக்கான தள்ளுபடியைப் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகள் வரைதான் மதிக்கும். இரண்டு ஆண்டுகளைத் தாண்டும் பயணமென்றால் அதையும் கணக்கில் வையுங்கள்.

திரும்பி வரும் நாள்

சோர்ன் வழியில் போனவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் இல்லாத நேரத்தில் எம்ஓடி என்னும் வாகனத் தகுதிச் சோதனையின் காலம் முடிந்திருந்தால், புதுச் சான்று இல்லாமல் வரி கட்ட முடியாது. வரி இல்லாமல் சாலையில் போகவும் கூடாது. இந்த முடிச்சுக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது: முன்பதிவு செய்த எம்ஓடி சோதனைக்குப் போகவும் அங்கிருந்து வரவும் மட்டும் சோர்ன் காரை ஓட்டலாம், காப்பீடு இருந்தால். பதிவு முன்கூட்டியே இருக்க வேண்டும், நேராகப் போக வேண்டும். வழியில் மளிகைக் கடையில் நிறுத்தக் கூடாது. நான் ஊரிலிருந்தே சோதனைக்கு நாள் குறித்துவிடுகிறேன். அன்று காலை முழுக் காப்பீட்டைத் தொடங்குகிறேன், பதிவு உறுதியான செய்தியைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். சான்று கிடைத்ததும் சோதனைக்கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே லாக் புக்கின் 11 இலக்க எண்ணைப் போட்டு வரியைக் கட்டிவிடுவேன். சோர்ன் தானாகவே ரத்தாகிவிடும். அன்று மளிகைக் கடைக்கு அங்கிருந்தே போகலாம்.