ரீடிங் எல்லாம் சரி, பவளம் மட்டும் சுருங்குகிறது: மயிலாடுதுறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி

நாலடி நீளம், சுமார் 250 லிட்டர். மயிலாடுதுறை வீட்டு ஹாலில் சில வருடங்களாக இந்தக் கடல்நீர்த் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் எந்தச் சாமான் எப்படி உழைத்தது என்று எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தார்கள். அதையும் சொல்கிறேன், ஆனால் போன கோடையில் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக நலம் குன்றியபோது காரணத்தை எப்படிப் பிடித்தேன் என்பதுதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

என்னிடம் இருப்பவை மென்பவளங்கள்தான். லெதர், மஷ்ரூம், சோவாந்திட் என்கிற வகைகள், கூடவே பண்ணையில் பொரித்த ஒரு ஜோடி கோமாளி மீன். பாறை கட்டும் கல் பவளங்கள் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கிற அதே அட்டவணை. யார் கொண்டுவந்து விற்றாலும் வாங்காதீர்கள்.

லெதர் பவளம் அவ்வப்போது சுருங்கி, மெழுகு போன்ற மெல்லிய தோலை உரித்துவிட்டு மறுபடி விரியும். அது நோய் இல்லை, ஒரு வாரம் பொறுத்தால் சரியாகிவிடும். இந்தத் தடவை வாரக்கணக்கில் தோலும் உரியவில்லை, விரியவும் இல்லை, ஓரம் கறுக்க ஆரம்பித்தது. சோவாந்திட் விளக்கு எரியும்போதே மூடிக்கிடந்தது. பாசி மேய விட்டிருந்த நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து கவிழ்ந்து கிடந்தன, நிமிர்த்தி வைத்தாலும் ஒட்டவில்லை. மீன்களோ இரையைப் பார்த்ததும் எப்போதும்போல் முட்டி மோதிக்கொண்டு வந்தன.

நம் ஊர் வெயிலுக்கு முதல் சந்தேகம் சூடுதான். அதிகாலையிலும் மதியம் இரண்டு மணிக்கும் தெர்மாமீட்டர் பார்த்தேன், தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் 26 டிகிரியிலேயே வைத்திருந்தது. அடுத்து உப்பு. உப்பை அளக்க விற்கிற, முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம், முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்கு மாறிவிடும். தெரிந்த இறால் பண்ணைக்காரரிடம் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி) வாங்கி, 35 பிபிடி, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கரைசலில் சரிபார்த்துவிட்டு அளந்தேன்: ஒப்படர்த்தி 1.025. சரி. காரத்தன்மையை இறால் லேபில் கொடுத்துப் பார்த்தேன். அவர்கள் கால்சியம் கார்பனேட் பிபிஎம்மில் எழுதித் தருவார்கள், அதை 17.9ஆல் வகுத்தால் கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் டிகேஹெச் என்ற அலகில் கிடைக்கும். 145 என்று வந்தது, அதாவது எட்டுக்குச் சற்று மேல், அதுவும் சரி. அம்மோனியா இல்லை, நைட்ரேட் 10 பிபிஎம். தொட்டிக்கு ஊற்றும் ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கிட்டத்தட்ட சுழியம்.

இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய் ஏதாவது மருந்தை ஊற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தால், தொட்டியில் யார் முதலில் விழுகிறார்கள் என்று பாருங்கள். ஆக்சிஜன் குறைந்தால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அம்மோனியா ஏறினாலும் மீனின் மூச்சு வேகத்தில் தெரிந்துவிடும். மீன் தெம்பாக இருக்கும்போது நத்தை, இறால், பவளம் என்று முதுகெலும்பில்லாதவை மட்டும் வாடினால் உலோகத்தைச் சந்தேகிக்க வேண்டும். அவற்றுக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலேயே விஷம், வீட்டில் நாம் வைத்திருக்கிற சாதாரண கிட் எதுவும் அதைக் காட்டாது.

தண்ணீரில் மூழ்கியிருந்த ஒவ்வொரு சாமானையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தேன். பம்ப், சில்லர் குழாய், பாசி சுரண்டும் காந்தம் எதிலும் குறை இல்லை. தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைக் கண்ணாடியோடு பிடித்து வைக்கிற காந்தம் இருக்கிறதே, அதன் உள்பக்கத் துண்டில் பிளாஸ்டிக் உறை லேசாக உப்பியிருந்தது. விளிம்பில் முடி அளவுக்கு ஒரு விரிசல். நகத்தால் கீறினால் செம்பழுப்புத் தூள் வந்தது. அந்த வகைக் காந்தத்தில் பெரும்பகுதி இரும்பு, மேலே நிக்கலும் செம்பும் பூசியிருப்பார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் எல்லாம் கரைந்து தொட்டியில் கலக்கும்.

அன்றே கழற்றிவிட்டேன். உலோகத்தை உறிஞ்சும் பேட் ஒன்றும் புது ஆக்டிவேட்டட் கார்பனும் போட்டு, வாரம் ஒருமுறை பதினைந்து சதவீதம் தண்ணீர் மாற்றினேன். ஒரேயடியாக மாற்றினால் ஏற்கெனவே துவண்ட பவளத்துக்கு அது இன்னொரு அதிர்ச்சி. லெதர் முதலில் தோலை உரித்தது, அப்புறம் ஒரு காலையில் உச்சி முழுக்கப் பூவாக விரிந்து நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சோவாந்திட்டில் பாதி போய்விட்டது.

சாமான்கள் பற்றி: அந்த வேவ்மேக்கரின் நீரோட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, காந்தத்தின் உறைதான் மட்டம். இப்போது மாதாமாதம் காந்தங்களை எடுத்து அழுத்திப் பார்க்கிறேன். சில்லர் விலை அதிகம்தான், ஆனால் சித்திரை வைகாசியில் தண்ணீர்மேல் வீசுகிற ஃபேன் மட்டும் போதாது: காற்றில் ஈரம் கூடின நாளில் தண்ணீர் குளிராது, ஈரம் குறைந்த நாளில் ஆவியாகி உப்பு ஏறும். மாதாந்திர மின்தடை நாளில் இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை மட்டும் ஓட்டுங்கள், விளக்கு இல்லாமல் ஒரு பகல் தாங்கும், ஆக்சிஜன் இல்லாமல் தாங்காது.

தொட்டிக்குக் கடல்நீர் கலக்க வேதாரண்யம் உப்பு போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. பாத்தியில் உப்பு விளையும்போது கால்சியம் முன்னாலேயே படிந்துவிடும், மக்னீசியத்தில் பெரும்பகுதி மிச்சத் தண்ணீரோடு போய்விடும். தரங்கம்பாடியில் கடல்நீர் எடுப்பதானால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். ஆற்று வெள்ளம் கலந்து உப்பு இறங்கியிருக்கும்.