ஹில் ஹவுஸா, டிராகுலாவா?

குன்னூரில் மழை பிடித்துவிட்டால் ஏழு மணிக்கே தெரு அடங்கிவிடும். அண்ணனுக்கு டீ ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். அண்ணியும் நானும் பேய்க்கதை தேடியதில் கடைசியாக நின்றவை இரண்டு ஆங்கிலத் தொடர்கள்: 2018-இல் வந்த ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’, 2020-இல் வந்த ‘டிராகுலா’. இரண்டுக்கும் மூலம் பழைய நாவல். இரண்டையும் பார்த்து முடித்துவிட்டோம். மறுபடி ஓடுவது ஹில் ஹவுஸ்தான்.

நடிப்பில் இரண்டுமே குறை வைக்கவில்லை. டிராகுலா மூன்றே பாகம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஹில் ஹவுஸ் பத்து. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊருக்குச் சின்னச் சின்ன பாகம்தான் வசதி.

எனக்கு முக்கியம், கதை தெரிந்த பிறகும் பார்க்க முடிகிறதா என்பது. டிராகுலா சிலுவைக்கு ஏன் பயப்படுகிறான் என்ற கேள்விதான் அந்தத் தொடரை இழுத்துப் போகிறது. வெயிலும் அவனை ஒன்றும் செய்யாது, எல்லாம் அவனாக வளர்த்துக்கொண்ட பயம் என்று முடிவில் தெரிகிறது. தெரிந்ததும் விடை சொன்ன விடுகதை மாதிரி ஆகிவிடுகிறது.

ஹில் ஹவுஸில் நேர்மாறு. கதையில் வரும் உடன்பிறந்தவர்களில் ஒருத்தி பெயர் நெல். சின்ன வயதிலிருந்து அவளைத் துரத்தும் கழுத்து முறிந்த பெண் யார் என்பது ஐந்தாம் பாகத்தின் முடிவில் தெரியும். அதன்பின் முதல் பாகத்துக்குத் திரும்பினால் பயம் போய், அந்தக் குழந்தையை நினைத்து மனசு கனக்கிறது. போதாததற்குக் காட்சிகளின் பின்னணியில், கதவோரத்திலும் இருட்டு மூலையிலும் பேய்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கேமராவும் காட்டாது, இசையும் எச்சரிக்காது. அண்ணி இப்போது அவற்றைத் தேடுவதற்காகவே பார்க்கிறார். ஆறாம் பாகத்தில் புயல் இரவு, சவப்பெட்டியைச் சுற்றி மொத்தக் குடும்பம், வெட்டே இல்லாமல் நீளும் ஷாட்டுகள். அதை எத்தனை தடவையும் பார்க்கலாம்.

இன்னொன்று, இங்கே பழைய துரை பங்களாக்களில் வேலை பார்த்தவர்களிடம் ஆளுக்கொரு கதை இருக்கும். அதில் பேயைவிட வீடுதான் பெரிதாக வரும். ஹில் ஹவுஸ் ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் காரணமோ என்னவோ.

குறை இல்லாமலில்லை. ஷெர்லி ஜாக்சனின் 1959 நாவலில் வருபவர்கள் உடன்பிறந்தவர்களே அல்ல, ஆவி ஆராய்ச்சிக்காக வரும் அந்நியர்கள். முடிவிலும் ஈவு இரக்கம் கிடையாது. தொடர் கடைசியில் சமாதானமாகப் போய்விடுகிறது. நாவலை உயிராக நினைப்பவர்களுக்குக் கசக்கலாம்.

டிராகுலாவை ஒதுக்கச் சொல்லவில்லை. நாவலில் கேப்டனின் குறிப்பாகச் சில பக்கங்களில் முடியும் கப்பல் பயணத்தை முழு இரண்டாம் பாகமாக்கியிருக்கிறார்கள், பிரமாதம். கன்னியாஸ்திரீ அகதாவின் வாய்க்காகவே முதல் பாகம் பார்க்கலாம். 123 வருஷம் தாவி இன்றைய காலத்துக்கு வரும் மூன்றாவதில்தான் பிடி நழுவுகிறது.

பிள்ளைகளோடு பார்க்க எது தோது என்று சொல்லத் தெரியாது, நாங்கள் இரண்டு பேர்தான் பார்த்தோம். ரத்தம் டிராகுலாவில்தான் அதிகம். அப்புறம், ஹில் ஹவுஸை போனில் பார்க்காதீர்கள். படம் அவ்வளவு இருட்டு, மூலையில் நிற்பது எதுவும் கண்ணில் படாது.