ஊசி பயத்துக்கு ஹிப்னாடிசம் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஊசியையோ ரத்தத்தையோ பார்த்தால் மயங்கி விழுபவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், "எந்தப் பயமும் ஒரே வாரத்தில் போகும்" என்று இன்ஸ்டாகிராமில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். சென்னையில் அப்படி ஒரு மையத்தில் என் தங்கை 28,000 ரூபாய் கட்டினாள். பணத்தைவிடப் பெரிய நஷ்டம், அவளுடைய தைராய்டு பரிசோதனை மாதக்கணக்கில் தள்ளிப்போனதுதான்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தப் பயம் உண்டு. எங்கள் சித்தப்பாவுக்கும் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு இது வருவது சகஜமாம். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்தாக வேண்டும். இவளோ லேப் வாசல் வரை போய்த் திரும்பிவிடுவாள். அந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

வரவேற்பறைச் சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். சிகிச்சை தருபவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்'. முழுப் பணத்தையும் முதலிலேயே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள், பில் தரவில்லை. சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, மெல்லிசை போட்டு, "உடம்பை முழுசா தளர்த்துங்க" என்பார்களாம். போன ஜென்மத்தில் ஈட்டி குத்தி இறந்ததால்தான் ஊசி பயம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கோர்ஸ் முடியும்வரை ஊசி பக்கமே போகக் கூடாது என்பது இன்னொரு கட்டளை.

கோர்ஸ் முடிந்து லேபுக்குப் போனாள். கற்றுக்கொடுத்தபடியே கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, உடம்பைத் தளர்த்தினாள். கையில் ரப்பர் பட்டை கட்டும்போதே சரிந்து விழுந்து, மேஜை விளிம்பில் நெற்றி மோதி வீங்கிவிட்டது. போன் செய்து கேட்டதற்கு, "உங்க ஆழ்மனசு ஒத்துழைக்கலைம்மா, அட்வான்ஸ்டு பேக்கேஜ் எடுத்தாதான் சரியாகும்" என்று பதில் வந்தது. "அக்கா, எனக்கு மட்டும்தான் சரியாகாதா?" என்று அவளை அழவைத்தவர்களை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

கோளாறு அவளிடம் இல்லை, கொடுத்த சிகிச்சையே தலைகீழ். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் வருவது அபூர்வம். ரத்தம், ஊசி பயத்தில் பலருக்கு இதயத் துடிப்பும் அழுத்தமும் முதலில் ஏறி, பிறகு சட்டென்று விழுந்துவிடும். அதனால்தான் மயக்கம். அந்த நேரத்தில் உடம்பைத் தளர்த்தினால் அழுத்தம் இன்னும் குறையத்தான் செய்யும்.

இதற்கென்றே ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980களில் ஒரு முறையை வகுத்து, சோதித்துப் பார்த்திருக்கிறார். கை, கால், உடம்புத் தசைகளை முகம் சூடாகும்வரை, சுமார் 10-15 விநாடி, இறுக்க வேண்டும். பிறகு இயல்பு நிலைக்கு விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். இது அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிக்கும். (ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.)

இதோடு சேர்ந்ததுதான் பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி. உயரம், நாய், லிஃப்ட், பல்லி என எந்தக் குறிப்பிட்ட பயத்துக்கும் ஆதாரம் அதிகமுள்ள சிகிச்சை இதுதான். நாங்கள் பின்னர் போன மருத்துவ உளவியலாளர் முதலில் சிரிஞ்சு படத்தைக் காட்டினார். அப்புறம் வீடியோ, ஊசி இல்லாத வெறும் சிரிஞ்சைக் கையில் பிடிப்பது, கையில் பட்டை மட்டும் கட்டிப் பார்ப்பது என்று நகர்ந்தது. ஒவ்வொரு படியிலும் பதற்றம் தணியும்வரை அங்கேயே இருக்க வைத்தார். வற்புறுத்தலே இல்லை, அடுத்த படிக்குப் போவதை அவளேதான் முடிவு செய்தாள். கடைசியில் லேபில் படுத்தபடி, தசையை இறுக்கிக்கொண்டு ரத்தம் கொடுத்தாள். மயங்கவில்லை. டி.எஸ்.ஹெச். எகிறியிருந்தது, இப்போது மாத்திரை அளவை மாற்றியிருக்கிறார்கள்.

எங்கே போனாலும் முதல் நாளே, "பயப்படுகிற விஷயத்தை எப்போது, எப்படி நேரில் சந்திக்க வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். அதைத் தவிர்க்கச் சொல்கிற இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வேர்விடும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், உண்மையானவர்கள் கோபப்பட மாட்டார்கள். செலவு செய்ய முடியாதவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலோ விசாரிக்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழைத்தால் இலவசமாகத் தமிழிலேயே பேசுவார்கள்.

எங்கள் பணம் இன்னும் திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். பில் இல்லாததால் ஜிபே விவரமும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் கையில் இருக்கின்றன. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் அவற்றை அழித்துவிடாதீர்கள்.