பாண்டில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி, மாமாவோட 6 நாள் - 5க்கு 3 ஸ்டார்

பேர் போடல, இன்னும் ஒரு செக்கப்புக்கு அங்கயேதான் போகணும். பாண்டிச்சேரி டவுனுக்குள்ள இருக்கிற மீடியம் சைஸ் ஆஸ்பத்திரி, அவ்ளோதான்.

எங்க மாமனாருக்கு 76 வயசு, சுகர் இருக்கு, பீடி விட்டு 10 வருஷமாச்சு. ஐப்பசி மழையில சின்னவன் ஸ்கூல்லேர்ந்து சளி புடிச்சுட்டு வந்தான், அவனுக்கு ரெண்டு நாள்ல போயிடுச்சு. மாமாவுக்கு ஜுரமே இல்லைங்க. சாப்பாடு வேணாம்னாரு, நைட்டு எழுந்து உக்காந்து, போய்ச் சேர்ந்து நாலு வருஷமான எங்க அத்தைய காபி போடச் சொல்றாரு. சுகர் இறங்கிடுச்சோன்னு குத்திப் பாத்தா நார்மல். தெருமுனை கிளினிக்ல அசித்ரோமைசின் குடுத்தாங்க, அது வைரஸுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மறுநாள் சாயங்காலம் மூச்சு வாங்குறாரு, கொரோனா சமயத்துல வாங்கின ஆக்சிமீட்டர தேடி பேட்டரி மாத்தி விரல்ல மாட்டினா ஆக்சிஜன் 87. விரல் ஜில்லுனு இருந்தா தப்பா காட்டும்னு நல்லா தேச்சு மறுபடி போட்டேன், அப்பவும் 87 தான்.

கோரிமேட்டுல இருக்கிற ஜிப்மர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான் முதல்ல நெனச்சோம், ஆனா எங்க வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல, அங்கேர்ந்து போனா கோரிமேடு டவுனுக்கு அந்தக் கோடி, அரியாங்குப்பம் டிராஃபிக் வேற, இன்சூரன்ஸ் கார்டும் இருக்கேன்னு வழியிலயே இங்க திரும்பிட்டோம்.

காஷுவால்டிக்கு மட்டும்னா 5 ஸ்டார். பேர் ஊர் கேக்குறதுக்கு முன்னாடி ஆக்சிஜன் மாட்டிட்டாங்க. டியூட்டி டாக்டர் சின்னப் பொண்ணு, பதட்டமே இல்ல. இசிஜி எதுக்கும்மான்னு கேட்டேன், ஃப்ளூ வந்தா வயசானவங்களுக்கு ஹார்ட் அட்டாக்கும் சேந்து வர சான்ஸ் இருக்கு, வயசானவங்க சில பேர் ஜுரமில்லாம இந்த மாதிரி உளறிக்கிட்டும் வருவாங்கன்னு சொன்னாங்க. மூக்குல குச்சி விட்டு சாம்பிள் எடுத்தாங்க, ஆனா ரிசல்ட்டுக்காக உக்காந்திருக்கல, முதல் 48 மணி நேரத்துக்குள்ள போட்டாதான் நல்லா கேக்கும்னு கிட்னி டெஸ்ட் பாத்துட்டு அன்னைக்கு நைட்டே ஓசல்டாமிவிர்ங்கிற ஃப்ளூ மருந்த ஆரம்பிச்சுட்டாங்க. ரிசல்ட் மூணாவது நாள் வந்துச்சு, இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூதான்.

பில்லிங் கவுண்டர் பக்கம் வந்தா வேற ஆஸ்பத்திரி. கேஷ்லெஸ் டெஸ்க் 6 மணிக்கே மூடியாச்சாம், 40,000 அட்வான்ஸ் கட்டினாதான் ரூமாம். அவர் ஆக்சிஜன்ல இருக்காரு, நான் படியில உக்காந்து ஜிபே லிமிட் பத்தாம என் தங்கச்சிக்கு போன் போட்டுக்கிட்டு இருக்கேன். அட்வான்ஸ் திரும்ப வர மூணு வாரமாச்சு.

வார்டுதான் எனக்கு பெரிய மனக்குறை. ஷேரிங் ரூம்ல பக்கத்து பெட்ல பாகூர் தாத்தா, அவருக்கு ஆர்எஸ்வின்னு வேற ஒரு சளி வைரஸ். அது கைக்குழந்தைக்கு வர்ற சளின்னுதான் நான் நெனச்சுட்டு இருந்தேன், பெரியவங்களையும் இப்படி படுக்கப் போடுதுங்க, அதுக்குன்னு தனி மாத்திரையும் இல்ல, ஆக்சிஜன், நெபுலைசர், அப்புறம் உடம்பே தேறி வரணும். சரி, ஃப்ளூவும் ஆர்எஸ்வியும் ஒரே ரூம்ல, நடுவுல ஒரு ஸ்கிரீன் துணி, இது என்ன கணக்கு? அவர பாக்க குடும்பத்தோட எட்டு பேர், குழந்தையோட, ஒருத்தர் மூஞ்சிலயும் மாஸ்க் இல்ல, செக்யூரிட்டி பாஸ் கூட கேக்கல. நான் சொன்னா மூஞ்சிய திருப்பிக்கிறாங்க.

சிஸ்டர்ஸ் தங்கம். நைட் டியூட்டி காரைக்கால் சிஸ்டர் "தாத்தா, இன்னும் ரெண்டு வாய்"னு கஞ்சி ஊட்டி விட்டாங்க. மூணாவது நாளே பிசியோ வந்து நடக்க வெச்சாரு, இந்த வயசுல ஒரு வாரம் படுத்துட்டா கால்ல வலு போயிடுமாம். கேண்டீன் மட்டும் சுகர் பேஷண்டுக்கு பிரெட்டும் ஜாமும் அனுப்பினாங்க, மாமாவுக்கு அதுல பரம சந்தோஷம்.

போறப்ப பெரிய டாக்டர் திட்டினாரு, வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடணும், வைரஸ் மாறிக்கிட்டே இருக்கும், ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், அதனால மழைக்கு முன்னாடியே போட்ருங்கன்னு. நியூமோனியா ஊசியும் எழுதிக் குடுத்திருக்காரு.

டிஸ்சார்ஜ் சொன்னது காலைல 10 மணிக்கு, வெளிய வந்தது சாயங்காலம் 5. அதுலயும் சம்மரிய படிச்சுப் பாத்தா ஆர்எஸ்வின்னு போட்டிருக்கு, பக்கத்து பெட் தாத்தாவோடத அப்படியே காப்பி பண்ணிட்டாங்க. இன்சூரன்ஸுக்கு அதானே போகுது. திரும்ப மேல ஏறி மாத்தி வாங்கிட்டுதான் கார்ல ஏறினோம், நீங்களும் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சுருங்க.