"மருந்து போட்ட கோழி" என்றால் நம்பிவிடாதீர்கள்

மியான்மரில் பெகு பக்கம் வீட்டோடு கோழி வளர்க்கிற நம்மவர்களுக்காக எழுதுகிறேன். தண்ணீர்த் திருவிழாவுக்கு விற்கலாம் என்று ஒரு வியாபாரியிடம் 30 இளம் பெட்டைகள் வாங்கினேன். "எல்லாத்துக்கும் தடுப்பு மருந்து போட்டாச்சு தங்கச்சி, நானே கண்ணில் சொட்டு விட்டேன்" என்றார். சந்தை விலையைவிடக் குறைத்தும் தந்தார். அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். மூங்கில் கூடைகளை அவரே கொட்டகைக்குள் தூக்கி வந்து திறந்துவிட்டார். கூடைப் பின்னலில் பழைய எச்சம் காய்ந்து அப்பியிருந்தது. பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் ஒரு பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றது. மறுநாள் பச்சையாகக் கழிந்தது, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அப்புறம் கழுத்து முறுக்கிக்கொண்டது. தீனி ஒரு பக்கம் கிடக்க, வெறுந்தரையைக் கொத்தியது. அந்தக் காட்சி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. என் பழைய 46 கோழிகளையும் சேர்த்து, கடைசியில் மிஞ்சியது 7.

டவுன்ஷிப் கால்நடை மருத்துவர் வெள்ளைக் கழிச்சல் என்றார். ராணிக்கெட் என்பதும் இதுதான். வைரஸ் நோய், வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. வியாபாரியின் கொட்டகையில் முந்தைய வாரமே கோழிகள் சாக ஆரம்பித்திருந்தனவாம். மிச்சத்தை என் தலையில் கட்டிவிட்டார். போன் செய்தால், "உங்க தண்ணி சரியில்லை" என்று வைத்துவிட்டார்.

மருந்து போட்டதாகச் சொன்னால் எப்போது, எங்கே வாங்கியது என்று கேளுங்கள். அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. பிளாஸ்டிக் பையில் வெயிலில் வந்திருந்தால் போட்டும் பயனில்லை. நோய் ஏற்கெனவே உள்ளே இருக்கிற கோழிக்குப் போட்டாலும் காப்பாற்றாது. அறிகுறி தெரிய 15 நாள்கூட ஆகலாம். அதனால் புதுக் கோழியை 3 வாரமாவது தள்ளி வையுங்கள். தீனி முதலில் பழைய கோழிகளுக்கு, பிறகுதான் புதியவற்றுக்கு. அங்கே போகத் தனிச் செருப்பு. கூடை, முட்டை அட்டை எதுவும் வெளியிலிருந்து உள்ளே வரக் கூடாது. கிருமிநாசினி தெளிக்குமுன் எச்சத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது.

கோழிகள் கொத்தாகச் செத்தால் அறுத்துச் சாப்பிடவோ விற்கவோ வேண்டாம். 2006 மார்ச்சில் மண்டலேப் பக்கம் வந்த பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும், மனிதருக்கும் தொற்றும். உடனே கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

இப்போது என் வேலிக்கு வெளியே ஒரு பழைய மேசை போட்டிருக்கிறேன். யார் கூடையானாலும் அதோடு நிற்கிறது.