காசிக்கு வயதானவர்களை அழைத்துப் போகிறீர்களா? பாக்கிப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் காசிப் பயணம் பதிந்திருப்பவர்களும், அப்பா அம்மாவை அனுப்ப நினைத்திருப்பவர்களும் இதைத் தயவுசெய்து படித்துவிடுங்கள். இங்கே சிங்கப்பூரில் ஒரு பயண முகவை, தலைக்கு இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் வாங்கிக்கொண்டு, எண்பதை நெருங்கும் என் அம்மாவையும் பெரியம்மாவையும் காசிக்குக் கூட்டிப்போய், காசியைச் சரியாகக் காட்டாமலே திருப்பி அனுப்பிவிட்டது. கூடவே போனதால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன்.

விளம்பரத் தாளில் இருந்தது இதுதான்: கங்கைக் கரையில் தங்குமிடம், படகுச் சவாரி, விசுவநாதர் சிறப்பு தரிசனம், சாரநாத், புராதன இடங்கள். படிக்க நிறைவாகத்தான் இருந்தது.

தங்குமிடம் பாபத்பூர் விமான நிலையம் போகிற சாலையில். சன்னலைத் திறந்தால் பெட்ரோல் பங்க்கும் லாரி பழுதுபார்க்கும் பட்டறையும். கங்கை எங்கே என்று முகவைக்குப் போன் போட்டுக் கேட்டேன். “காசியே கங்கைக் கரைதானே சார்” என்று பதில் வந்தது. அங்கிருந்து ஊர் நடுவே இருக்கும் கோதோலியா சந்திப்புக்குப் போய்ச் சேரவே நெரிசலில் நெடுநேரம் ஆனது. அதற்கு மேல் வண்டி போகாது, தசாசுவமேத கட்டத்துக்கு (கட்டம் என்றால் படித்துறை) நடந்துதான் போக வேண்டும். “வாசல் வரை வண்டி வரும்” என்று பணம் வாங்கும்போது சொன்னவர்கள், மூட்டு வலிக்காரர்களான இரண்டு பேரையும் அந்தக் கூட்டத்தில் இறக்கிவிட்டு, “கொஞ்சம் தூரம்தான், நடங்க” என்றார்கள்.

படகுச் சவாரி காலை பதினொரு மணிக்கு. காசியின் படித்துறைகள் எல்லாமே ஆற்றின் மேற்குக் கரையில் கிழக்கு பார்த்து இருக்கின்றன. விடியலில் போனால் சூரியன் எதிர்க்கரையில் எழும்பி அத்தனை படிகளிலும் வெளிச்சம் விழும். ஜனங்கள் முழுக்குப் போடுவதும் அர்க்கியம் விடுவதும் அந்த நேரத்தில்தான். காசிக்குப் போகிறவர்கள் இருட்டோடு எழுந்து ஓடுவது அதற்காகத்தானே! எங்களுக்குக் கிடைத்தது உச்சி வெயிலில் பிணம் எரிக்கும் மணிகர்ணிகா கட்டம் வரை படகில் ஒரு சுற்று, உடனே திரும்புதல். மணிகர்ணிகாவில் இறங்கியதும் ஒருவர் வந்து, ஏழைகளின் தகனத்துக்கு விறகு வாங்கப் பணம் கொடுங்கள், புண்ணியம் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வழிகாட்டி அதைப் பார்த்தும் பாராத மாதிரி நின்றார். இப்படிப் பணம் பறிப்பது அங்கே வெகுகாலமாக நடக்கிறது. வயதானவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அம்மா காசிக்குக் கிளம்பியதே கேதார கட்டத்துக்காக. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் வந்து மடம் கண்ட ஊர் இது. கேதாரேசுவரர் கோயிலும் அந்தத் தமிழ் மடத்தின் பராமரிப்பில்தான் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்ட இடம், அதன் செங்காவியும் வெள்ளையுமான படிகளில் கால் வைக்க வேண்டும் என்று ஒரே ஆசை. தசாசுவமேதத்துக்குத் தெற்கே, படகில் போனால் பக்கம்தான். பதியும்போதே கேட்டேன், “கண்டிப்பாக உண்டு” என்றார்கள். அங்கே போனதும் “டைம் இல்லை” என்றார் வழிகாட்டி. அதே தெற்குப் பக்கத்தில் அனுமான் கட்டமும் இருக்கிறது. பாரதியார் இளவயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த இடம், இன்றும் தமிழ்ப் பேச்சு காதில் விழும் சந்துகள். அதைப் பற்றி வழிகாட்டிக்குத் தெரியவே இல்லை.

ஆனால் சேலைக் கடைக்கு மட்டும் நேரம் இருந்தது. “அரசாங்கக் கடை” என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். உள்ளே போனதும் நாற்காலி, டீ, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்துப் போட்ட சேலைகள். வெளியே வரலாம் என்றால் வண்டி ஓட்டுநரைக் காணோம். தண்ணீர் கேட்கக் கல்லாப் பக்கம் போனபோது பார்த்தேன், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எங்கள் வழிகாட்டியின் பெயர், வண்டி எண், எத்தனை பேர் என்று எழுதியிருந்தது. நாம் வாங்குவதில் அவருக்குப் பங்கு. பெரியம்மா வாங்கிய “பட்டு” பட்டே இல்லை என்று சிராங்கூன் சாலையில் ஒரு சேலைக் கடைக்காரர் தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

விசுவநாதர் கோயிலில் “சிறப்பு தரிசனம்” என்று இங்கே வெள்ளியில் வாங்கியிருந்தார்கள். அங்கே ஒரு தரகர் வந்து இன்னும் பணம் கேட்டார். பொது தரிசனத்துக்குக் கட்டணமே கிடையாது. விரைவு தரிசனச் சீட்டைக் கோயில் நிர்வாகமே தன் இணையத்தளத்திலும் கவுண்டரிலும் விற்கிறது, சில நூறு ரூபாய்தான். தரகர் யாரும் தேவையில்லை.

புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத்துக்கு வெள்ளிக்கிழமை கூட்டிப்போனார்கள். அன்று அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை! இந்தியாவின் தேசியச் சின்னமான அசோகரின் சிங்கத் தலை அதற்குள்ளேதான் இருக்கிறது. 43 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தாமேக் தூபியை வெளியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். வருடம் முழுக்க ஆட்களை அனுப்புகிற முகவைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது தெரியாதா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரும்பி வந்து கேட்டதற்கு, “அங்கே செய்தது உள்ளூர் ஆட்கள், நாங்கள் பொறுப்பில்லை” என்கிறார்கள். பணம் வாங்கி ரசீது கொடுத்தது அவர்கள்தானே. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்க அனுமதி இல்லை, நாமே பேசிக்கொள்ளலாம். பயனீட்டாளர் சங்கத்திலும் புகார் கொடுத்தாயிற்று.

நீங்கள் பணம் கட்டுமுன் முகவைக்கு உரிமம் இருக்கிறதா என்று பயணத்துறைக் கழகத்தின் தளத்தில் பாருங்கள். எங்கள் முகவைக்கு உரிமம் இருந்தது, ஆகவே அது மட்டும் போதாது. தங்குமிடத்தின் பெயரை எழுத்தில் வாங்கி, எந்தக் கட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் நீங்களே பாருங்கள். “படகுச் சவாரி” என்று மட்டும் போட்டிருந்தால் எத்தனை மணிக்கு, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை என்று எழுதச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் கங்கை ஏறிப் படிகள் முழுகிவிடும், படகையும் நிறுத்திவிடுவார்கள், அப்போது பணம் திரும்புமா என்றும் கேளுங்கள். அப்புறம், கடைக்கெல்லாம் கூட்டிப்போகக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு ஒத்துக்கொள்ளாத முகவையிடம் பணம் கட்டாதீர்கள்.